இரண்டாம் முறை கேட்டபோது

"பின்னால ஒளிஞ்சா எப்படிம்மா? முன்னால வா. கெண்ட்ரெலுக்கு எத்தனை பேர் வந்திருக்கோம்னு நீதிபதி கண்ணுல படணும்ல?" என்று வெர்லீனின் கையைப் பிடித்து இழுத்தாள் அர்னெத்தா. கெண்ட்ரெலின் அம்மா அவள். பிடித்த கையை விடவுமில்லை.

தங்கள் சர்ச் சபையிலிருந்து வந்தவள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. வெர்லீனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மேக்கன் நகரத்தின் இதே ஃபெடரல் கோர்ட்டில் வெர்லீன் ஜூரியாக உட்கார்ந்திருந்தாள். போதைப்பொடி விற்றதாகக் கெண்ட்ரெல் மேல் வழக்கு. இரண்டு தடவை விற்றான். இரண்டு தடவையும் மேஜை டிராயரில் துப்பாக்கி கிடந்தது; அது தனிக் குற்றம். துப்பாக்கியை அவன் தொடக்கூட இல்லையே என்று வெர்லீன் மட்டும் முரண்டு பிடித்தாள். பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்ப்பு. "சின்னப் பையன், முதல் தப்பு. ரெண்டு வருஷம் போட்டு அனுப்பிடுவாங்க. நாளைக்குத் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை, வீட்டுக்குப் போக வேணாமா?" என்று மற்றப் பதினோரு பேரும் அரித்தெடுத்தார்கள். எவ்வளவு தண்டனை என்பதை ஜூரிக்குச் சொல்லவே மாட்டார்கள், அது விதியாம். கண்ணைக் கட்டிவிட்டுக் கழுத்தறுக்கச் சொல்கிற விதி! கடைசியில் வெர்லீனும் தலையாட்டினாள்.

தீர்ப்பு வாசித்ததும் நீதிபதி ஒவ்வொருவராகக் கேட்டார்: "இது உங்க தீர்ப்புதானா?" வெர்லீனுக்குக் குரல் எழும்பவில்லை. அவர் மறுபடி கேட்டார். "ஆமா" என்றாள். அங்கே ஒரு 'இல்லை' சொல்லியிருந்தால், எல்லாரும் திரும்ப அறைக்குள் போய் உட்கார்ந்திருப்பார்கள்.

முப்பது வருஷம் என்று பிறகு பேப்பரில் பார்த்தாள். முதல் தடவை டிராயரில் துப்பாக்கி இருந்ததற்கு ஐந்து, இரண்டாம் தடவைக்கு இருபத்தைந்து. நீதிபதியே நினைத்தாலும் ஒரு நாள் குறைக்க முடியாது. அந்தத் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குச் செய்த வான்கோழி அவள் வயிற்றில் இன்னும் செரிக்கவில்லை.

இப்போது அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். தண்டனையைக் குறைக்கக் கேட்டு வக்கீல் போட்ட மனுவுக்குத்தான் இன்று விசாரணை.

கெண்ட்ரெலை அழைத்து வந்தார்கள். முன்தலை வழுக்கை, மூக்கில் கண்ணாடி. அதே நீதிபதி அவனையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"இன்னிக்கு இந்த வழக்கு வந்திருந்தா உங்களுக்குப் பத்து வருஷம். நீங்க பன்னிரண்டு முடிச்சிட்டீங்க. ஆனா புதுச் சட்டம் பழைய தண்டனைக்குப் பொருந்தாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியல. வருந்துறேன்."

வருந்துகிறாராம்! இன்னும் பதினெட்டு வருஷம் அவரா உள்ளே இருக்கப் போகிறார்? கெண்ட்ரெல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தபடியே போனான். நீதிபதியும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதற்கு மேல் வெர்லீனால் தாங்க முடியவில்லை. "அம்மா, நான் சபையிலேர்ந்து வரல..."

"தெரியும். ஏழாவது நாற்காலி. நீலக் கவுன்."

"தெரிஞ்சுமா கையைப் பிடிச்சிருந்தீங்க?"

"அன்னிக்கு உன்கிட்ட அவர் ரெண்டாந்தடவை கேட்டாரே, அப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உன் வாயையே பாத்துக்கிட்டிருந்தேன்." அர்னெத்தா மூக்கை உறிஞ்சினாள். "இன்னிக்கும் உன்னை முன்னால பாத்தா இன்னொரு தடவை கேட்டுட மாட்டாரான்னு ஒரு நப்பாசைதான்."

"இல்லை," என்றாள் வெர்லீன், காலியாக இருந்த நீதிபதி நாற்காலியைப் பார்த்து. "இது என் தீர்ப்பு இல்லை."