வடித்துக் கொட்டிய தண்ணீர்

“வழி விடுங்க! தள்ளுங்க!”

ஸ்ட்ரெச்சரோடு சேர்ந்து ஓடினாள் அந்தத் தையல்காரி. மேலே கிடந்தவன் அவள் கணவன். வாட்ச் ரிப்பேர் செய்பவன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, டயாலிசிஸ் இயந்திரத்தின் தயவில் ஓடிக்கொண்டிருந்த உயிர். மத்தியானம் சாப்பிட்ட கையோடு கடையிலேயே சரிந்துவிட்டான்.

இ.சி.ஜி. தாளைப் பார்த்ததுமே டாக்டர் ஊசி போடச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“பொட்டாசியம் எகிறிக் கிடக்கும்மா. இதயம் துடிக்க அது வேணும். கிட்னி வெளியேத்தலைன்னா அதுவே இதயத்தை நிறுத்திடும். என்ன கொடுத்தீங்க?”

“உருளைக்கிழங்கைக்கூட நறுக்கி ஊறவச்சு, வேகவச்சு, தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டுத்தான் கொடுப்பேன் டாக்டர். வாழைப்பழத்தை வாசப்படி தாண்ட விட்டதில்லை.”

“சோடியம் கம்மின்னு ஒரு உப்பு விக்கிறாங்க. சோடியத்துக்குப் பதிலா அதுல பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பாங்க. வாங்கினீங்களா?”

“அப்படி ஒண்ணு இருக்கறதே இப்பத்தான் தெரியும்.”

கட்டிலில் கணவனின் மூடிய இமை ஒருதரம் துடித்தது. வலி என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தால், அவனுடைய அக்கா.

“சமைக்கிறேன் பேர்வழின்னு ஆளையே முடிக்கப் பார்த்தியேடி! என்னத்தைப் போட்டே?”

“வழக்கமானதுதான் அண்ணி...”

“வழக்கமானதைத் தின்னவனா இப்படிக் கிடக்கான்? இனிமே அவனுக்கு என் வீட்டுச் சாப்பாடுதான். நீ உன் மிஷினோட மல்லுக்கட்டு!”

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. துண்டு பெரிதாக நறுக்கிவிட்டேனோ? தண்ணீரைச் சரியாக வடிக்கவில்லையோ? தையல்காரி தன் கையையே சந்தேகமாகப் பார்த்தாள்.

சாயங்காலம் கண் விழித்தான். அக்கா அவன் தலையைத் தடவி, மூக்கைச் சிந்தி, டீ வாங்கப் போனாள்.

தையல்காரி குனிந்தாள். “சொல்லுங்க, நான் எதுல தப்பு பண்ணேன்?”

“உன் தப்பில்லை. டாக்டர் சொன்ன அந்த உப்பு கடை டிராயர்ல இருக்கு. உன் சமையல் சப்புன்னு இருந்துச்சா... தினம் தூவிக்கிட்டேன். போய் எடுத்துக் கொட்டிடு.”

“அப்ப அவர் கேட்டப்போ முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“யார் வாங்கிக் கொடுத்தது?”

வராந்தாவில் செருப்புச் சத்தம் நெருங்கியது. அவசரமாக அவள் கையைப் பிடித்தான்.

“அக்காதான். உடம்புக்கு நல்லதுன்னு நினைச்சுக் கொடுத்தா, பாவம். தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவா. நீ ஆக்கினதுலதான் ஏதோ கோளாறுன்னே இருக்கட்டும்.”