கிராதிக்கு இந்தப் பக்கம்

...முக்காட்டோடா, முக்காடில்லாமலா, இன்னும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மணி பத்தடித்து எவ்வளவு நேரமாயிற்று, எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது, பிள்ளை பெற்று ஒரு மாதம் ஒரே அறைக்குள் கிடந்துவிட்டு இன்றுதான் வெளியே வந்தவளை இந்த மரப்பெஞ்சில் உட்கார்த்தி வைத்துவிட்டு... யாருடைய தலை, யாருடைய முக்காடு, என்னிடம் ஒருவராவது கேட்டார்களா? ஒரு பேறுகால ஸ்தோத்திரம். பிழைத்து எழுந்தவள் கோயிலுக்கு வந்து மண்டியிட்டு நன்றி சொல்ல வேண்டும், ஜெபம் நாலு வரி, அதைச் சொல்லாதவரை வேறெங்கும் காலெடுத்து வைக்கக்கூடாது, கல்லறைத் தோட்டத்தில்கூட. என் மகன் பத்தொன்பது நாள் இருந்தான். ஒன்பது நாளைக்கு முன்னால் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள், மாடியில் படுத்துக்கொண்டு படிக்கட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டேன். எந்த மூலையில் வைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. இது முடிந்தால் போய்ப் பார்க்கலாம், எனக்கு வேண்டியது அவ்வளவுதான், அதற்குக் குறுக்கே, மோதிக்கொண்டிருக்கிற ராஜாவும் பார்லிமெண்டும் வந்து நிற்கிறார்கள்.

என் புருஷன் அம்ப்ரோஸ் கோயில் காரியஸ்தன், அவன் கையில் லண்டனிலிருந்து வந்த காகிதம். பாதிரியார் கிஃபர்ட் கையிலும் லண்டனிலிருந்து வந்த காகிதம். ஒரே ஊரிலிருந்து, ஒரே வாரத்தில்! திருவிருந்து மேசையைச் சுற்றியிருக்கிற கிராதியைப் பிடுங்கி எறி என்கிறது இவன் காகிதம், பார்லிமெண்டின் கீழ்ச்சபை போட்டது, எல்லாம் பழைய சட்டப்படியே நடக்கட்டும் என்கிறது அவர் காகிதம், அதே பார்லிமெண்டின் பிரபுக்கள் சபை போட்டது, ராஜாவோ ஸ்காட்லாந்தில் போய் உட்கார்ந்திருக்கிறார், நடுவில் நான். "ராஜா ஒப்புக்காத காகிதம் எப்படிய்யா சட்டமாகும்? முக்காடு போட்டுக்கிட்டு கிராதிகிட்ட வந்து மண்டி போடணும், பிஷப் உத்தரவு" என்கிறார் பாதிரியார். "பெரிய பிஷப்பையே பிடிச்சு உள்ள போட்டாச்சு, உங்களுக்கு இன்னும் சேதி வரலையா?" என்கிறான் இவன், முக்காடு, கிராதி, சிலுவை எல்லாமே இவனுக்குப் போப் வழக்கம். கிராதி இல்லாவிட்டால் நாய் வந்து மேசையில் காலைத் தூக்குமாம், இது பாதிரியார். "நாய்க்குப் பயந்துதான் போப்போட வேலியக் கட்டினீங்களாக்கும்!" இதைச் சொல்லிவிட்டு அம்ப்ரோஸ் என்னைத் திரும்பிப் பார்க்கிறான், நான் சிரிப்பேன் என்று நினைத்தானோ என்னவோ. பக்கத்தில் மருத்துவச்சி அர்சுலா என் காதில், "இதுங்க ரெண்டையும் பெத்தவளுங்க எதுக்குத்தான் நன்றி சொன்னாளுங்களோ" என்கிறாள். அவள் இறுக்கிக் கட்டிய துணியையும் மீறி மார்பு நனைகிறது, குடிக்க ஆளில்லை என்று இந்தப் பாலுக்கு யார் காகிதம் அனுப்புவது...

ஞானஸ்நானத்தன்றும் இப்படித்தானே. நான் வீட்டில் படுக்கையில், பிள்ளை கோயிலில் அர்சுலாவின் கையில், வெளியே விடாத மழை. நெற்றியில் சிலுவை போட்டே தீருவேன் என்று பாதிரியார், போட விடமாட்டேன் என்று அம்ப்ரோஸ், பார்லிமெண்ட் சொன்னது, ராஜா சொன்னது, துணி பிரித்த பிள்ளையை அந்தத் தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நின்றேன் என்று அர்சுலாதான் வந்து அழுதாள். அன்று ராத்திரியே இருமல். அதனால்தானா என்று கேட்டால், பிள்ளைகள் இருமத்தான் செய்யும் என்பார்கள். கடைசியில் சிலுவை போட்டாரா என்று கேட்டேன், போடவில்லை என்றான் அம்ப்ரோஸ், போட்டேன் என்று சொல்லியனுப்பினார் பாதிரியார். என் பிள்ளையின் நெற்றி, அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பாவிகளா, பாவிகளா.

எழுந்துவிட்டேன். "எங்க மண்டி போடணும்னு சீக்கிரம் சொல்லித் தொலைங்க! கிராதியில போடுறேன், நடுவுல போடுறேன், வாசப்படியில வேணாலும் போடுறேன், எம் பிள்ளையப் பார்க்கணும்!" என் குரல் கூரையில் மோதித் திரும்பியது, இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்ததா? அப்புறம் பாதிரியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிம்மா, முக்காடு தோளோட இருக்கட்டும், கிராதிக்கு இந்தப் பக்கமே மண்டி போடு" என்றார். அம்ப்ரோஸ் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினான். இவ்வளவுதானா? ஒரு மாதச் சண்டை இவ்வளவுதானா, முன்பே கத்தியிருந்தால்... மண்டியிட்டேன். ஜெபம் சொல்கிறார். பிரசவத்தின் பெரிய ஆபத்திலிருந்து உன்னைக் காப்பாற்றிய தேவனுக்கு... என்னை, ஆமாம், என்னை. அம்ப்ரோஸுக்குப் பார்க்கக் காகிதம் இல்லை, தரையைப் பார்க்கிறான், தாடை நடுங்குகிறது, அவனும் இத்தனை நாளாக... வேண்டாம், அதை இப்போது நினைக்கக்கூடாது. பக்கக் கதவு திறந்திருக்கிறது, புல் தெரிகிறது, ஈரமாக. ஆமென் என்று ஒரு சொல் பாக்கி. சொன்னால் போகலாம். சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும், அர்சுலா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள், இதோ இங்கேதான் என்பாள், அதற்குப் பிறகு அவன் அங்கேதான் இருப்பான், படிக்கட்டில் கேட்ட சத்தம் வெறும் சத்தமாக இருக்காது. எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"ஐயா, முக்காடு தலையில இல்லாம சொன்னா இது செல்லுமா?"

"அதத்தானே நானும் காலையிலேருந்து சொல்றேன்" என்று பாதிரியார் ஆரம்பிக்க, அம்ப்ரோஸ் இடுப்பிலிருந்து காகிதத்தை உருவினான், நான் கிராதியில் தோளைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன், பேசட்டும், இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும்...