ஒண்ணை அமுக்குங்க

என் குரலை நான் வெறுக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

சேலத்தில், ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் ஆறு பேர். இணையம் வழியாகப் போன் போடுகிற மென்பொருள் செய்து விற்கிறோம். வாங்குகிறவர் பெரிதாக எதுவும் படித்திருக்க வேண்டாம். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். நிறம், குரல், யாருக்கு எத்தனை மணிக்குப் போன் போக வேண்டும், பதில் வராவிட்டால் என்ன செய்வது, எல்லாவற்றையும் அவரே தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றுகிற அந்தப் பக்கத்தை எழுதியவள் நான்தான். மாரமங்கலத்துக் காளியாயி மகள் வெண்ணிலா.

போன வருஷம் மலைமேல் எங்கள் ஊர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்று அதை வாங்கியது. அம்மா இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிற அதே எஸ்டேட். காலை ஐந்தரைக்கு எண்பது பேருக்கு ஒரே நேரத்தில் போன் அடிக்கும். வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றை அமுக்க வேண்டும். அமுக்கியவர்களின் பெயர், ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டரின் திரையில் பச்சையாகிவிடும். மிஷின் மாதிரி இல்லாமல் நம்ம ஊர் ஆள் பேசுகிற மாதிரி குரல் வேண்டும் என்று மேனேஜர் ஜெப்சன் கேட்டாராம். முதலாளி ஹரிஹரன் சார் என்னைத்தான் மைக் முன்னால் உட்கார வைத்தார். "எந்திரிச்சாச்சுங்களா? இன்னிக்கு வேலைக்கு வர்றதா இருந்தா ஒண்ணை அமுக்குங்க." இரண்டே தடவையில் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் இளித்தேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. தொடர்ந்து எத்தனை நாள் பதில் வராவிட்டால் ஒருவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று அதில் எண் போட வேண்டும். வாங்குகிறவர் மாற்றிக்கொள்ளட்டும் என்று நான் மூன்று போட்டுவைத்தேன். ஏன் மூன்று என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். எஸ்டேட்டில் யாரும் அதைத் தொடவில்லை.

கார்த்திகையில், எஸ்டேட்டில் போன் அடிக்கத் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகாமல், காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக இருக்கும்போது என் சித்தி மகள் சிவசக்தி போன் செய்தாள். அம்மா இரண்டு வாரமாக வேலைக்குப் போகவில்லை, பட்டியலில் பெயர் இல்லையாம், கேட்டால் வாயைத் திறக்கவில்லை என்றாள். எனக்கு வந்த கோபம் அம்மா மேல்தான். ஒரு பொத்தானை அமுக்க உடம்பு வணங்கவில்லையா இவளுக்கு? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே திட்ட ஆரம்பித்தேன்.

அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீதான கண்ணு கூப்புடறத நிறுத்திட்ட? எம்மேல என்ன கோவம்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன்."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதோ, மனசு தடுமாறுகிறதோ என்றெல்லாம் நினைத்துக்கொண்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிட்டேன்.

போன் எடுத்தவர் பக்கம் என்ன சத்தம் வந்தது என்பதை எங்கள் மென்பொருள் பதிவு செய்து வைக்கும். புகார் வந்தால் பார்ப்பதற்காக. திங்கள் காலை அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அம்மாவின் எண்ணைத் தேடினேன். மூன்று பதிவுகள் இருந்தன.

முதல் நாள்: "எந்திரிச்சுட்டேன் கண்ணு. வர்றேன்னு எழுதிக்க. நீ சாப்புட்டயா?"

இரண்டாம் நாள்: "வர்றேன் சாமி. இங்க குளுரு நொம்ப. அங்க எப்படி? போத்திக்கிட்டுப் படு."

மூன்றாம் நாள்: "ஏங் கண்ணு, நான் கேக்கறதுக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற? வேலை அதிகமா? செரி, வெச்சுடு. நான் வந்துடறேன்."

ஒவ்வொரு முறையும் அவள் பேசி முடித்ததும் நான் சொல்கிறேன்: "பதில் வரலைங்க. நன்றிங்க."

எஸ்டேட்டில் முதல் இரண்டு நாள் ரைட்டர் சுப்பிரமணி பாவம் பார்த்துப் பேனாவால் பெயரைச் சேர்த்திருக்கிறார். மூன்றாம் நாள் பட்டியலில் பெயரே இல்லை. அவரிடம் பேசினேன். "கம்ப்யூட்டரு எடுத்த பேர நான் எப்படிங்க சேக்கறது? நீங்க செஞ்சதுதானுங்களே," என்றார். ஜெப்சன் இன்னும் மரியாதையாகப் பேசினார். வேண்டுமானால் புது ஆளாக எழுதிக்கொள்வாராம். புது ஆளுக்குப் பழம் பறிப்பு மட்டும்தான். பறிப்பு முடிந்து களை எடுக்க, மிளகு பறிக்க எல்லாம் பழைய ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் மூன்று காலையில் போயிற்று.

என்னால் திருத்தியிருக்க முடியும். பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. பழைய இடத்தில் பெயரை வைக்க ஒரு நிமிஷம் ஆகாது. வாங்கியவர் பட்டியலில் கை வைத்தால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று ஹரிஹரன் சார் முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் கை வைக்கவில்லை. அம்மா வேலையைவிட என் வேலை எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. இதை எப்படி மெழுகிச் சொன்னாலும் அசிங்கம் அசிங்கம்தான்.

அடுத்த ஞாயிறு மறுபடி ஊருக்குப் போனேன். புது ஆளாகப் பெயர் எழுதியிருக்கிறது என்று சொன்னேன். அம்மாவின் பட்டன் போனை அவள் கையில் கொடுத்து, என் போனிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கினேன். அது நான் இல்லை, மிஷின், அதனிடம் பேசக் கூடாது, குரல் கேட்டதும் ஒன்றை அமுக்கிவிட்டு வைத்துவிட வேண்டும். பத்துத் தடவை செய்ய வைத்தேன். நான்காவது தடவையே சரியாகச் செய்தாள். ஆனாலும் நான் விடவில்லை.

போனை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள்.

"எம் புள்ளதான் ஊரையே எழுப்பி உடறான்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். ஒண்ணை அமுக்குன்னது வேத்தாளுகளுக்குன்னு நெனச்சேன். பெத்த புள்ள கேட்டா வாயாலதான சொல்லோணும்? அப்ப நீ ஒரு நாளுகூட என்னையக் கூப்புடலயா?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிஷின் கூப்பிட்ட அந்த மூன்று நாட்களுக்கு முன்பு ஒரு மாதமாக நான் வீட்டுக்குப் போன் செய்யவே இல்லை.

இனிமேல் தினமும் பேச வேண்டும், மிஷினுக்கு முன்னால் நான் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மறுநாள் சேலத்தில் ஐந்தே காலுக்கு எழுந்து என் போனிலிருந்து கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தாள். மூச்சு வாங்குவது கேட்டது. மைக் முன்னால் பேசிய அதே வார்த்தைதான் என் வாயில் முதலில் வந்தது.

"எந்திரிச்சாச்சாம்மா?"

அந்தப் பக்கம் பொத்தான் சத்தம் கேட்டது. நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒன்றை அமுக்கி, ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டாள்.