கேட்டு வந்தவர்கள்

அமலோற்பவம் டீச்சருக்கு அன்று யார் வீட்டுக்கும் போக மனமில்லை. ஏழைக் குடும்பங்களைப் போய்ப் பார்த்து உதவும் சர்ச்சின் பங்குச் சபையில் சேர்ந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. திருவண்ணாமலையில் ஒரு வீட்டிலாவது கஷ்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. தேய்ந்ததென்னவோ அவருடைய முழங்கால்தான்.

பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்த கையோடு, அரிசிப் பையை அருளப்பன் தோளில் ஏற்றிக்கொள்ள, இருவரும் நடந்தார்கள். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அருளப்பன். இருவராகத்தான் போக வேண்டும் என்பது சபையின் ஒழுங்கு. இன்னொன்றும் உண்டு: வாசலில் நின்று பையை நீட்டிவிட்டு வரக் கூடாது; உள்ளே போய் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவனுக்குத் திமிர் வந்துவிடக் கூடாதாம். நல்ல ஒழுங்குதான். எழுதி வைத்தவர் இந்த ஊர் சித்திரை வெயிலில் நடந்ததில்லை போலும்.

"அடுத்த மாசத்துலேர்ந்து என்னை விட்டுடுங்க அருளப்பன். ஃபாதர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க டீச்சர்."

மாதாமாதம் அரிசி வாங்கும் தனத்தின் வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. அதைப் பார்த்தாவது டீச்சர் நின்றிருக்க வேண்டும். பழக்கதோஷம், நேரே உள்ளே போய்விட்டார்.

உள்ளே வெற்றிலைத் தட்டும் கேசரியுமாக அமர்க்களப்பட்டது. தனத்தின் மகள் அறிவுமதி தலை நிறையப் பூவோடு நின்றாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பூசைக்காக அணைத்த போனை டீச்சர் இன்னும் போடவே இல்லை. தனம் எத்தனை தடவை கூப்பிட்டாளோ.

தனம் சுவரோடு சுவராக நின்றாள். புருஷன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்ததிலிருந்து அந்த வீட்டு உலையில் வேகிறது சர்ச் அரிசிதான். அது தெரிந்தால் இந்தச் சம்பந்தம் இதோடு சரி.

"யாருங்க இவங்க?" மாப்பிள்ளையின் அம்மா ரேணுகாம்பாள் அருளப்பன் தோளிலிருந்த பையைப் பார்த்தபடி கேட்டாள்.

தனம் டீச்சரைப் பார்த்தாள். பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தே பணிக்காலத்தைக் கழித்த டீச்சருக்குப் பொய் தானாக வந்தது.

"சர்ச்சுலேர்ந்து வர்றோம்மா. கஷ்டப்படற குடும்பங்களுக்கு வீடு வீடா அரிசி சேக்கறோம். இவங்க வழக்கமா குடுப்பாங்க. விசேஷம்னு தெரியாம வந்துட்டோம். இன்னொரு நாள் வர்றோம்."

ரேணுகாம்பாளின் முகம் மலர்ந்தது. "நல்ல காரியம் பேசற நேரத்துல கேட்டு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பலாமா? போட்டு அனுப்புங்க."

டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தனம் உள்ளே போனாள். டின்னின் அடியை டம்ளர் சுரண்டும் சத்தம் டீச்சருக்குக் கேட்டது. முறத்தில் அரிசியோடு வந்து, அருளப்பன் விரித்துப் பிடித்த பையில் நிதானமாகக் கொட்டினாள் தனம்.

தெருமுனைப் பெட்டிக்கடை ஓரம் இருவரும் காத்து நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் கார் போனதும் தனம் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"பொண்ணு புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க டீச்சரம்மா!"

"நல்லதும்மா. தப்பு என் மேலதான், போனைப் போடவே மறந்துட்டேன். இந்தா, பையை எடுத்துக்கினு போ. நீ போட்டதும் இதுலதான் இருக்கு."

"நீங்க கொண்ணாந்ததை வாங்கிக்கறேன். நான் போட்டது வேற வீட்டுக்குப் போவட்டும்."

"உன் வீட்டுல கடைசியா இருந்த அரிசியாச்சேம்மா அது!"

"நீங்க உக்காந்து எவ்ளோ அன்பா பேசனாலும், நான் கைய நீட்டினவதானே டீச்சரம்மா? இன்னிக்கு அவ்ளோ பேர் எதிர்ல நான் குடுத்தேன். அதைத் திருப்பிக் குடுத்துடாதீங்க."

கடையில் ஒரு கவர் வாங்கி, தன் பங்கு அரிசியைக் கையால் அள்ளிப் போட்டு முடிச்சிட்டு, தனம் டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது எங்கே பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.