முட்டி உயரத் தக்காளி

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு குழாயில் ஒட்ட வேண்டிய பெயரை இன்னொன்றில் ஒட்டிவிட்டால், இல்லாத நோய்க்கு யாரோ மருந்து சாப்பிட வேண்டிவரும். அதனால் எதையும் இரண்டு தடவை பார்த்தே பழகியவள். கடும் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகு அவளுக்குத் தன்மேலேயே நம்பிக்கை விட்டுப்போயிற்று. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். நாத்தனாரைத் தங்கை பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். போகப் போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

வேலைக்குத் திரும்பும்வரை பொழுது போகட்டும் என்று பால்கனியில் தக்காளி விதை போட்டாள். தேடி வாங்கியது குட்டை ரகம். முட்டி உயரத்துக்குமேல் வளராது, கொம்பு ஊன்ற வேண்டாம், மற்ற தக்காளிக்கு முந்திக்கொண்டு பழுத்துவிடும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. நாற்றுகளைத் தொட்டிக்கு ஒன்றாக நட்டாள். கரும்பச்சையாய்ச் சுருண்ட இலையும் தடித்த தண்டுமாக, குள்ளப் பயில்வான்கள் மாதிரி நின்றன.

நடுவில் அம்மாவைப் பார்க்கப் போய்ச் சில நாள் தங்கிவிட்டு வந்தாள். வந்ததும் பால்கனிக்குத்தான் போனாள். இலை வெளிறி, தட்டையாக இருந்தது. தண்டு ஒல்லி.

"ஏங்க, இது நான் வச்ச செடிதானா?"

அவள் கணவன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். வாயை மூடாமல் பேசுகிறவன், அன்றைக்கு, "செடின்னா மாறத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

செடிகள் இடுப்பைத் தாண்டின, தோளைத் தொட்டன. பழம் மட்டும் கண்ணில் படவில்லை.

"அண்ணி, இதுக்குப் பேரு குட்டையா?" என்றாள் நாத்தனார். "அப்ப நெட்டை ரகம்னா மேல் மாடிக்காரங்கதான் பறிக்கணும்!"

அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரே குடைச்சல். பொட்டலம் மாறிப்போச்சா? இல்லை, சுருண்ட இலை என்பதே தானாகக் கற்பனை பண்ணிக்கொண்டதா? நாலு விதையை ஒழுங்காகப் போடத் தெரியாதவள் ஊரார் ரத்தத்தை எப்படித் தொடுவது?

பரிசோதனைக் கூடத்திலிருந்து, திங்கட்கிழமை வரமுடியுமா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தவள், வேலையை விட்டுவிடப் போவதைச் சொல்ல நேராகக் கணவனின் கடைக்கு நடந்தாள்.

கடை ஜன்னலில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா. அதில் முட்டி உயரம்கூட இல்லாத ஒரு செடி. கரும்பச்சையில் சுருண்ட இலை, கொத்துக் கொத்தாய்ச் சிவந்த பழம்.

முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் இருந்தவர், "நல்லா காய்ச்சிருக்கும்மா. நான்கூட ரெண்டு தின்னேன்" என்றார்.

கணவனின் கையில் கத்தி அப்படியே நின்றது.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்றாள்.

"நீ ஊர்ல இருந்தப்ப, போர்வை காயப்போடறேன்னு தொட்டியெல்லாம் தள்ளிவிட்டுட்டேன். எல்லாம் ஒடிஞ்சுபோச்சு, இது ஒண்ணுதான் பொழச்சுது. நாற்றுக் கடையில வேற செடி வாங்கி நட்டுட்டேன். உடம்பு தேறி வர்ற நேரத்துல நீ வருத்தப்படுவியேன்னு..."

"நான் கேட்டேனே! கேட்டப்பகூடச் சொல்லலையே! எனக்குப் புத்தி கலங்கிப்போச்சுன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்!"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நீ அப்படி நெனைப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றான்.

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாகவும் இருந்தது. நுரைக்காரர் யாரைப் பார்ப்பது என்று புரியாமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் போன் போட்டுத் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள். அவனோடு மட்டும் பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"வேற எதையாவது மாத்தி வச்சிருக்கீங்களா?"

"சேச்சே" என்றான் அவன். அதையும் கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் சொன்னான்.