சேற்றில் அமர்ந்த படகு

புன்னைக்காயலுக்கு மீன் வாங்கத்தான் போனேன். தாமிரபரணி கடலைச் சேரும் அந்த இடத்தில், கடல் ஏற்றத்தில் ஆறு மேற்கு நோக்கி, வந்த வழியே ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். வீடு திரும்பியபோது கையில் மீன் இல்லை. மனதில் ஒரு கதையும், அதில் ஜெசியும் ஜோஷுவாவும் இருந்தார்கள்.

1

கழிமுகம் என்பது நன்னீரும் உப்புநீரும்...

(வேண்டாம். ஜெசி அந்தக் கரையோரப் பள்ளியில் ஆசிரியை. இந்தப் பாடத்தை அவளே நடத்தட்டும்.)

2

அவள் கணவன் ஜோஷுவாவுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தோட்டம். கல்யாணமாகி ஓராண்டு. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்று கூப்பிடத்தான் அன்று வந்தான். (முதலில் அவனைக் கோபக்காரனாக எழுதினேன். வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறவனுக்கு அது பொருந்தவில்லை; அந்த வரியை அடித்துவிட்டேன்.)

தனியாகப் பேசுவதற்காகப் படகு ஒன்றை இரவல் வாங்கி, அலையாத்திச் செடிகளுக்கு நடுவே அவளை அழைத்துப் போனான். அங்கே, ஆற்றங்கரைக்காரன் மட்டுமே செய்யும் தவறைச் செய்தான். ஆற்றில் நிறுத்துவதைப்போலக் கரையை ஒட்டி நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தான். பேசி முடிப்பதற்குள் தண்ணீர் இறங்கி, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

"ஏட்டி, தண்ணி எங்க போச்சு?"

"கடலுக்குத்தான். உங்க ஊரு அணைக்கட்டுன்னு நெனச்சீகளா? இனி அது திரும்பி வரணும்."

"எறங்கித் தள்ளட்டா?"

"தள்ளுங்க. இடுப்பு வரைக்கும் சேறு. பெறகு உங்களத் தூக்க நான் யாரைக் கூப்பிட?"

அவன் இறங்கவில்லை.

3

"அங்கன பாருங்க," என்றாள். சேற்றுக் குட்டையில் இறால் குஞ்சுகள். "கடல்ல அலை அடிச்சுக் கொண்டுபோயிரும். இங்கன ரெண்டு தண்ணியும் கலக்குததாலதான் இதுக பொழைச்சுக் கெடக்கு. எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வீட்டு அடுப்பு எரியுததும் இதாலதான்."

"எனக்கும் பாடம் எடுக்குதியோ?"

"எடுத்தா என்ன? வேலைய விட மாட்டேன். உங்களயும் விட மனசில்ல."

(ஒரு விலகல்: பக்கத்திலுள்ள கொற்கை ஒரு காலத்தில் துறைமுகம். ஆறு கொண்டுவந்த மண் சேரச் சேர, கடல் விலகிவிட்டது. கணவன் மனைவிக்கு நடுவிலும் தூரம் இப்படித்தான் சேருமோ என்பது ஜோஷுவாவின் பயம். அதை அவன் வாய்விட்டுச் சொல்லும் வசனம் எனக்கு இன்னும் வரவில்லை.)

4

முதல் முடிவு: ஜெசி வேலையை விடுகிறாள். (என் வாசகிகளில் பாதிப்பேர் மகிழ்வார்கள். ஜெசி என்னோடு பேசமாட்டாள்.)

இரண்டாவது: அவன் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே...

(அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.)

எழுதாமல் விட்ட நேரத்தில் அவனே கேட்டான்: "வர்ற சனிக்கிழமை தண்ணி எப்ப ஏறும்?"

"எதுக்குக் கேக்குதீக?"

அடுத்த முறை படகை எங்கே நிறுத்தலாம் என்று அவன் கரையைப் பார்த்தான். செடிகளின் வேரை நனைத்துக்கொண்டு தண்ணீர் பைய வந்தது. படகு லேசாக ஆடி, சேற்றை விட்டு எழுந்தது. இருவரும் அதைக் கவனித்தார்கள். இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்றாவது முடிவை நானும் சொல்லப்போவதில்லை. துடுப்பு உங்கள் பக்கம்தான் கிடக்கிறது.