மறுத்தால்தான் ஹீரோ

திரைக்கதை எழுதுகிறவனுக்கு அந்த அலுவலகத்தில் வைத்த பெயர் படிக்கட்டு. எந்தக் கதையைக் கையில் கொடுத்தாலும் அதில் பன்னிரண்டு படி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பான். சும்மா கிடக்கிற ஹீரோவுக்கு ஓர் அழைப்பு வரும். அவன் முதலில் வேண்டாம் என்பான். அப்புறம் வழிகாட்டி, வாசல் காவல், அடி, உதை, பாதாளம், கடைசியில் வெற்றியோடு வீடு. உலகத்தில் எந்த மூலையில் படம் எடுத்தாலும் இதுதான் என்று அடித்துச் சொல்வான். டீ வாங்கப் போனவர் தாமதமாக வந்தால்கூட அதில் நாலு படியைக் கண்டுபிடித்துவிடுவான். அப்படி ஒரு பைத்தியம்.

அன்று காலை எடிட்டிங் அறையில் அவனுக்கும் எடிட்டருக்கும் சண்டையே அந்த இரண்டாவது படியில்தான். ஜன்னல் இல்லாத அறை. ஏசி குளிருக்கு அவள் எப்போதும் ஸ்வெட்டரோடு இருப்பாள். ஹீரோ மொட்டை மாடியில் நின்றுகொண்டு போக மாட்டேன் என்று மறுக்கிற காட்சியை அவள் மொத்தமாக வெட்டியிருந்தாள்.

"அவன் போகத்தான் போறான்னு பாக்கறவங்களுக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு இவ்ளோ நேரம் மூக்கால அழறான்?"

"மறுக்காதவன் ஹீரோவே இல்ல. திருப்பி வை."

அவள் திருப்பி வைக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கட்டடத்து லிஃப்டுக்குக்கூடத் தெரியும். வாய்விட்டுச் சொன்னதுதான் இல்லை.

"வேற ஊர்ல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. நல்ல ஸ்டுடியோ. கல்யாணம் பண்ணிக்கிட்டு நீயும் வர்றியா? அவங்க குடுக்கற வீடு ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கான்னு இன்னிக்கே சொல்லணும்."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வருடக்கணக்காகக் காத்திருந்த கேள்வி. வேறு யாராவது என்றால் சரி என்று சொல்லிவிட்டு, அவளை நாற்காலியோடு தட்டாமாலை சுற்றியிருப்பார்கள். இவனோ, அழைப்பு வந்துவிட்டது, அடுத்த படி என்ன என்று யோசித்தான். மோவாயைத் தடவினான். கண்ணைச் சுருக்கித் தூரத்தைப் பார்த்தான். அங்கே தூரம் என்று எதுவும் இல்லை, சுவர்தான் இருந்தது.

"வேண்டாம்" என்றான்.

அவள் "சரி" என்று சொல்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மறுபடி கேட்பாள் என்று இவன் நின்றான். தொண்டையைச் செருமினான். கதவு வரை போய்த் திரும்பி வந்தான். அவள் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தான். அக்காவுக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள், பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வேண்டாம்னா சொன்ன?"

"அது ரெண்டாவது படிக்கா. முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"எந்த எல்லாரும்? மாமா கேட்டப்ப நான் சரின்னுதான் சொன்னேன். அவர் கேட்டு முடிக்கிறதுக்குள்ளயே சொல்லிட்டேன்."

"இப்ப நீதான் என் வழிகாட்டி. வழி சொல்லுக்கா."

"வந்த வழிதான். ஓடு. அவ ஒரு ஆளுக்குன்னு சொல்லி வச்சான்னா, நீ காலம் பூரா இங்கயே உக்காந்து என் உயிரை வாங்குவ."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் இல்லாமல் மீதிப் படிகளை ஏறி என்ன கிழிக்கப் போகிறோம் என்று பயம் பிடித்துக்கொண்டது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

கட்டட வாசலில் காவலாளி எழுந்து நின்றார். வாசல் காவல், இதோ முதல் சோதனை என்று இவன் நெஞ்சை நிமிர்த்தினான். "வாங்க சார், லிஃப்ட் கீழதான் நிக்குது" என்று அவர் கதவைத் திறந்து பிடித்தார். இப்படி வழுக்கிக்கொண்டு போகிற கதையை அவனே எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பான்.

அறைக்குள் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஹீரோவின் தங்கை "வர்றியா?" என்கிறாள். அடுத்த நொடி அவன் ரயிலில் இருக்கிறான், தலைமுடி காற்றில் பறக்கிறது. மொட்டை மாடியே இல்லை. படிக்கட்டுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நல்லாத்தான் இருக்கு. அந்தக் காட்சி வேண்டாம். காலைல நான் சொன்னதையும் சேத்து வெட்டிடு. இன்னொரு தடவை கேளு."

"ஒரே காட்சியை ரெண்டு தடவை வைக்கிற பழக்கம் எனக்கு இல்ல."

இந்த இடத்துக்கு அவன் வசனமே எழுதியதில்லை.

"அப்ப நான் கேக்கறேன். கல்யாணம் பண்ணிக்கலாம். என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

அவள் மோவாயைத் தடவினாள். கண்ணைச் சுருக்கி, அதே சுவரைப் பார்த்தாள்.

"முதல்ல வேண்டாம்னு சொல்லணும், இல்ல?"

"ஐயோ, சொல்லாத."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நீ காலைல கதவைச் சாத்தின உடனே ரெண்டு ஆளுக்குன்னு சொல்லிட்டேன். உன் படம் எத்தனை வெட்டியிருக்கேன்? வேண்டாம்னு சொன்னவன் அடுத்த ரீல்ல வந்து நிப்பான்னு எனக்குத் தெரியாதா?"

இதற்கு அடுத்த படி எது என்று அவன் யோசித்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் பிடித்து, அவளையும் ஸ்வெட்டரையும் சேர்த்து அந்தச் சின்ன அறைக்குள் தட்டாமாலை சுற்றத் தொடங்கினான். ஹெட்போன் ஒயர் சுற்றிக்கொள்கிறது என்று அவள் சொன்னது அவன் காதில் விழவில்லை.